கோமாளிகளின் வழித்தடம்

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் அரண்மனை, அருங்காட்சியகம், பனிமலை என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தக் கண்டத்தைச் சுற்ற இன்னொரு வழியும் உண்டு. யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் விசித்திரக் கோலத்தில் மேடையேறி உலகத்தைச் சிரிக்க வைத்தவர்களின் சொந்த ஊர்களுக்குப் போவது. கேட்பதற்கு வேடிக்கையான திட்டம்தான். ஆனால் வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லாத பலவற்றை அந்த ஊர்கள் சொல்லிவிடும்.

போட்டி தொடங்கியது 1956-ல், சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில். உலகப்போர் முடிந்து பதினொரு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஏழு நாடுகள் கலந்துகொண்டன. பல நாட்டுத் தொலைக்காட்சிகளை ஒரே நேரத்தில் இணைக்கும் சோதனை அது. நேற்றுவரை சண்டையிட்டவர்கள் ஒரே இரவில் ஒரே பாட்டைக் கேட்கவும் அது வழிசெய்தது. கோட்டும் கவுனுமாக மரியாதையாகத் தொடங்கிய மேடையில் போகப்போக அரக்கர்களும் பாட்டிகளும் ஏறினார்கள்.

அரக்கர்களின் ஊர் ரோவனியெமி. ஃபின்லாந்தின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி இருக்கிறது. 1961-லிருந்து போட்டியிட்டும் ஃபின்லாந்து ஒருமுறைகூட வென்றதில்லை. 2006-ல் ஏதென்ஸில் நடந்த போட்டிக்கு லோர்டி என்ற ராக் இசைக்குழுவை அனுப்பியது. கோர முகமூடி, கொம்பு, விரியும் இறக்கை. உள்நாட்டிலேயே பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் 292 புள்ளிகளுடன் லோர்டி வென்றதும், பாடகர் பிறந்த ரோவனியெமியில் ஒரு சதுக்கத்துக்கே குழுவின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் ராணுவம் ஏறக்குறைய முழுவதுமாகக் கொளுத்திவிட்டுப் போன ஊர் அது. ரப்பர் முகமூடி அங்கே யாரையும் பயமுறுத்தியிருக்காது.

பாட்டிகளைப் பார்க்க ரஷ்யாவின் உட்முர்த்தியாவுக்குப் போகவேண்டும். தலைநகர் இஷெவ்ஸ்க், கலாஷ்னிகோவ் துப்பாக்கி செய்யும் நகரம். அதற்குப் பக்கத்தில் புரானோவோ கிராமம். 2012-ல் பாக்கு நகரத்து மேடையில் அங்கிருந்து வந்த ஆறு பாட்டிகள், தலையில் முக்காடும் நடுவில் ஓர் அடுப்புமாக ஆடிப்பாடி 259 புள்ளிகள் பெற்று இரண்டாம் இடம் பிடித்தார்கள். சோவியத் காலத்தில் இடிபட்ட ஊர் தேவாலயத்தைத் திரும்பக் கட்டப் பணம் சேர்ப்பதுதான் நோக்கம் என்றார்கள். அவர்கள் பாட்டின் பெரும்பகுதி உட்முர்த் மொழியில் இருந்தது. ஃபின்னிஷுக்கு தூரத்து உறவான, பேசுவோர் குறைந்துவரும் மொழி. கோடிக்கணக்கானவர்கள் அதை அன்றுதான் முதல்முறையாகக் காதில் வாங்கியிருப்பார்கள். 2018-ல் ரஷ்யா கொண்டுவந்த சட்டம், பள்ளிகளில் இத்தகைய மொழிகளைப் படிப்பது கட்டாயமில்லை என்றாக்கியது. மறு ஆண்டு செப்டம்பரில் ஆல்பெர்ட் ரஸின் என்ற உட்முர்த் அறிஞர், தாய்மொழி அழிவதை எதிர்த்து இஷெவ்ஸ்க் சட்டமன்றத்தின் முன்னால் உயிரை மாய்த்துக்கொண்டார். பாட்டிகளின் ஆட்டத்தை இப்போது பார்க்கிறவருக்குப் பழைய சிரிப்பு வருவது கடினம்.

அடுத்த ஊர் உக்ரைனின் பொல்தாவா. வெர்கா செர்டுச்கா என்ற வாயாடிப் பெண்ணாக வேஷம் போடும் ஆந்த்ரீ தனில்கோவின் ஊர். 2007-ல் ஹெல்சிங்கியில், பளபளக்கும் வெள்ளி உடையும் தலையில் நட்சத்திரமுமாக வந்து 235 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றார். இந்தக் கோமாளியா நம் நாட்டின் பிரதிநிதி என்று உக்ரைனிலேயே எதிர்ப்பு எழுந்தது. ‘லாஷா தும்பாய்’ என்று அவர் பாடியது ரஷ்யாவுக்கு விடைகொடுப்பதாகச் சிலர் காதில் விழுந்தது. இல்லை, அது மங்கோலியச் சொல் என்று சாதித்தார். மங்கோலியர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 2022-ல் போர் மூண்டபின் மழுப்பவில்லை; விடைகொடுப்பதை வெளிப்படையாகவே பாடினார்.

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும் என்பது பழமொழி. இவர்களோ வேஷம் போட்டதால்தான் பேச முடிந்தது. நேராகச் சொன்னால் யாரும் காதுகொடுக்காத விஷயத்தை, சில வேளைகளில் சொல்லவே முடியாத விஷயத்தை, சிரிப்புக்குள் ஒளித்துக் கொண்டுபோனார்கள்.

புரானோவோவிலிருந்து பொல்தாவா சுமார் 1,500 கிலோமீட்டர்தான். ஆனால் இந்தப் பயணத்தின் பாதை அங்கேதான் அறுந்துபோனது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. ரஷ்யா போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. 2023 இறுதியில் ஃபின்லாந்தும் ரஷ்யாவுடனான தரை எல்லையை அடைத்தது. 2022-ல் வென்ற உக்ரைன் மறு ஆண்டுப் போட்டியைத் தன் மண்ணில் நடத்த முடியாமல், லிவர்பூலில் நடத்த வேண்டியதாயிற்று.

அந்த லிவர்பூல் மேடையில் குரோஷியாவின் லெட் 3 குழு, ஒட்டு மீசையும் ராணுவ உடுப்பும் பொம்மை ஏவுகணைகளுமாக வந்து, கடைசியில் உள்ளாடையோடு நின்று போர்வெறியைக் கேலி செய்தது. கிடைத்தது பதின்மூன்றாம் இடம்.

லெட் 3-ன் ஊர் ரியேகா. பயணத்தை அங்கே முடிக்கலாம். இரண்டு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த ஊரின் ஆறுதான் இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் எல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவது இன்னொரு நாட்டுக்குப் போவது. இன்று இரு கரையும் ஒரே ஊர். காய்கறிப் பையோடு பாலத்தைக் கடப்பவர்களை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. எல்லைகள் அழிந்ததும் உண்டு என்பதற்கு ரியேகா சாட்சி. பொல்தாவாவுக்கும் புரானோவோவுக்கும் நடுவே அப்படி ஒரு பாலம் வரும்வரை, கோமாளிகளுக்கு வேலை இருக்கிறது.