பழவேற்காட்டில் ஒரு பகல்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், எங்கள் மக்தப் மாணவர்களை எங்கே அழைத்துச் செல்வது என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், ஐரோப்பாவுக்குப் போகலாமா?" என்றான். நெதர்லாந்தில் பணிபுரியும் உறவினர் அனுப்பிய ஆம்ஸ்டர்டாம் நகரப் படங்களை அவன் வீட்டுக் கைப்பேசியில் பார்த்திருந்தான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. "போகலாம். ஃபஜ்ருக்குப் பின் புறப்பட்டால் இஷாவுக்குள் திரும்பிவிடலாம்" என்றோம்.

அவ்வாறே ஒரு சனிக்கிழமை, பயண துஆ ஓதி, பதினான்கு மாணவர்களுடன் ராஜகுளத்திலிருந்து வேனில் புறப்பட்டோம். ஸ்ரீபெரும்புதூர் கடந்து, நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல், நடுவில் மீன் வாடை வீசும் சிறிய ஊர். "இதுவா ஐரோப்பா?" என்று கேட்ட மாணவனின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

ஒரு காலத்தில் இதுதான் கிழக்குக் கரையில் டச்சுக்காரர்களின் தலைநகரம். 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டையிலிருந்துதான் சோழமண்டலக் கரை முழுவதிலும் அவர்களது வாணிபம் நடந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை இவ்வூருக்கு அந்தச் சிறப்பு இருந்தது. இங்கே விளைந்த மிளகோ ஏலமோ அவர்களை இழுக்கவில்லை. நம் தறிகளில் நெய்த துணியை வாங்கிச் சென்று, கிழக்குத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் பெற்றார்கள். மலாய் நாட்டிலும் இந்தோனேசியாவிலும் முஸ்லிம்கள் தொழுகைக்கு உடுத்தும் கைலிக்கு இன்றும் 'பெலிகாட்' என்றே பெயர். புலிகாட் என்று வெள்ளையர் அழைத்த இந்த ஊரின் பெயர்தான் அது. தறிச் சத்தம் கேட்டு வளரும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி பிடித்திருந்தது.

கோட்டையைத் தேடினோம். முட்புதர் மூடிய மண்மேடும் அகழியின் அடையாளமும் மட்டுமே மிஞ்சியிருந்தன. பீரங்கிகளை நிறுத்திக் கடலை ஆண்டவர்களின் இடத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் திரும்பத் திரும்ப அழைப்பதை நினைவூட்டினோம். அதற்குமேல் அங்கே விளக்கம் தேவைப்படவில்லை.

டச்சுக் கல்லறைத் தோட்டம் வேறு விதமாக இருந்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அதன் வாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று தலையில் மணற்கடிகையைச் சுமக்கிறது. உன் நேரம் வழிந்துகொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். உள்ளே பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பெயர், வயது, பதவி, குடும்பச் சின்னம் எல்லாம் பொறித்த கற்கள். பிள்ளைகள் ஆண்டுகளைக் கழித்துக் கூட்டி, இறந்தவர்களின் வயதைக் கணக்கிட்டார்கள். பலர் இளம் வயதினர். தாய்நாட்டைவிட்டு இவ்வளவு தூரம் வந்து மாண்டவர்களைக் கண்டு அவர்கள் இரங்கியதை நாங்கள் தடுக்கவில்லை. மரணம் எல்லோருக்கும் பொது.

ஏரிக்கரை மர நிழலில் அமர்ந்து, கட்டிவந்த தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டபோதுதான் மற்றொரு செய்தியைச் சொன்னோம். துணி ஏற்றிய இதே துறையிலிருந்து மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் இக்கரையை வாட்டியபோது, ஒரு வேளை அரிசிக்காகப் பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள். சிலர் தம்மையே விற்றுக்கொண்டார்கள். டச்சுக் கம்பெனி அவர்களை வாங்கி, இன்று ஜகார்த்தா எனப்படும் படேவியாவுக்குக் கப்பலில் அனுப்பியது. டச்சுக்காரர்கள் மட்டும் செய்த பாவமன்று இது. இந்தியப் பெருங்கடலில் அடிமைகளை விற்றவர்களில் முஸ்லிம் பெயர் தாங்கிய வணிகர்களும் இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். பிலால் (ரலி) அவர்களின் பாங்கைப் பெருமையாகப் பேசும் சமுதாயம் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, ஐரோப்பா கேட்ட அதே மாணவன் கேட்டான்: "ஹஜ்ரத், அவங்க கப்ரெல்லாம் எங்கே?"

எங்களிடம் பதில் இல்லை. வாங்கியவர்களுக்குச் சின்னம் பொறித்த கல் இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்கு ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை.

லுஹருக்கு அவ்வூர்ப் பள்ளிவாசலுக்குச் சென்றோம். தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து கடல்வழி வந்தவர்கள் என்பது பழவேற்காட்டு முஸ்லிம்களிடையே வழிவழியாக வரும் செய்தி. பெரியவர் ஒருவர், பள்ளியில் உள்ள சூரியக் கடிகாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, நிழல் சாய்வதைக் கொண்டு வக்து அறியும் முறையை விளக்கினார். கல்லறை வாயிலில் பார்த்த மணற்கடிகை எங்கள் நினைவுக்கு வந்தது. அது நேரம் தீர்வதைச் சொல்கிறது. இது, இருக்கும் நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்கிறது.

திரும்பும் வழியில் சாலையோரம் செங்கல் சூளைகள் புகைந்துகொண்டிருந்தன. மெதுவாகப் பேசும் மாணவன் ஒருவன், தன்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்த நண்பனைப் பற்றிச் சொன்னான். அவனுடைய அப்பா முன்பணம் வாங்கினாராம். குடும்பமே சூளைக்குப் போய்விட்டதாம். அவன் பள்ளிக்குத் திரும்பவே இல்லையாம். "அதுவும் விற்கிறதுதானே?" என்றான்.

வேனில் இருந்த பெரியவர்கள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நானூறு ஆண்டுக்கு முந்தைய கதை என்று சொல்லி முடித்துவிட்டதாக நினைத்திருந்தோம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தை நாமெல்லாம் பார்த்தோம். பார்த்துவிட்டுக் கைப்பேசியை மடக்கி வைத்தோம். அது நம் மாவட்டம்.

அடுத்த வாரம் மக்தபில் இதைப் பற்றியே பேசினோம். 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்ததோடு, அந்தக் கடனையும் செல்லாததாக்கிவிட்டது. ஆகவே அதை யாரும் அடைத்து மீட்கவேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியருக்கோ வருவாய்க் கோட்டாட்சியருக்கோ தெரிவித்தால் விசாரித்து விடுவிப்பது அவர்கள் கடமை. அந்த நண்பனின் குடும்பம் இருக்கும் இடத்தை விசாரித்து, மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மனுவைத் தெளிவான கையெழுத்தில் எழுதியது அந்த மாணவன்தான்.

ஆனால் முன்பணம் வாங்கும் நிலைக்கு ஒரு குடும்பம் வருவதற்கு முன்பே கை கொடுக்கவேண்டியது நம் கடமை அல்லவா? ஒருவர் கடனோடு இறந்தபோது, அதற்குப் பொறுப்பேற்க ஆள் கிடைக்கும்வரை நபிகளார் (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழவைக்கவில்லை. அபூ கதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பின்னரே தொழவைத்தார்கள். ஜகாத் பெறும் எட்டுப் பிரிவினரில் அடிமைத் தளையில் இருப்போரும் கடனாளிகளும் உள்ளனர். ஜகாத்துக்குரிய சட்டங்கள் தனி. ஸதகாவுக்கும் அழகிய கடனுக்கும் மதம் தடையில்லை.

இப்போது மக்தபில் ஒரு பெட்டி இருக்கிறது. மருத்துவச் செலவோ பள்ளிச் செலவோ வந்து தவிக்கும் அக்கம்பக்கத்தாருக்கு, யாராயினும், வட்டியில்லாமல் கொடுக்கிறோம். சிறிய தொகைதான். இதுவரை இருவருக்குக் கொடுத்தோம். ஒருவர் திருப்பித் தந்துவிட்டார். மற்றவரை நாங்கள் கேட்கவில்லை.

இந்த ஆண்டும் கோடை வருகிறது. எங்கே போகலாம் என்று மாணவர்களைக் கேட்டோம். அந்த மாணவன் எழுந்து, ஊர்ப் பெயர் எதையும் சொல்லாமல், "அவன் வந்துட்டா, அவனையும் கூட்டிட்டுப் போகலாம் ஹஜ்ரத்" என்றான். இன்ஷா அல்லாஹ் என்றோம். நீங்களும் துஆ செய்யுங்கள்.