பட்டை கூட்டினால் பிரேக் குறையும்

“பிரேக் வேலைதானுங்க, பேட் மாத்தி ஆயில் ஊத்தினா முடிஞ்சுது” என்று வண்டி உரிமையாளர் ஒருவர் போகிறபோக்கில் சொன்ன வார்த்தை, மேட்டுப்பாளையத்து பிரேக் மெக்கானிக் ஒருவரை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. பட்டறையை இளையவர்களிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்காரும் வயது அவருக்கு. ஆனால் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு உட்கார அவருக்கு மனம் வரவில்லை. பேட் மாற்றும் வேலையைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும், எதை மாற்ற வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் காலம் பிடிக்கும் என்பது அவர் கட்சி.

மேட்டுப்பாளையத்தில் பிரேக் வேலை பார்ப்பதும் தஞ்சாவூரில் பார்ப்பதும் ஒன்றல்ல. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். நீலகிரியின் கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோஸும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தை இறங்கித்தான் இங்குள்ள மண்டிகளுக்கு வந்து சேர வேண்டும். வண்டியும் லோடுமாக மூன்று டன் எடை அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் சக்தியில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்தச் சூடு எங்கேயாவது போயாக வேண்டும். டிரைவர் இரண்டாவது, மூன்றாவது கியரில் இறக்கினால் பெரும்பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முன்பக்க டிஸ்க்கும் பின்பக்க டிரம்மும்தான் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வாங்க வேண்டும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. டீசல் வண்டியில், மிதிக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தை இன்ஜினோடு சுற்றும் பம்ப்தான் தருகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். இன்ஜின் நின்றபின் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பூஸ்டரில் ஒன்றும் மிஞ்சாது. பெடல் கல்லாக இறுகிவிடும். அப்படி இறங்கிவிட்டு வந்து “பூஸ்டர் போச்சுங்ணா” என்று நிற்பவர்களிடம் அவர் பூஸ்டரைக் கழற்றுவதில்லை. இன்ஜினை அணைத்து, பெடலை நாலைந்து முறை மிதித்துத் தீர்த்து, மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொல்வார். பெடல் காலுக்கடியில் லேசாக இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. பேச்சு அங்கேயே முடிந்தது.

இந்த வேலையை அவர் கற்றது கோயமுத்தூரில் ஒரு லாரி ஷெட்டில். அங்கே தலைமை மெக்கானிக்காக இருந்த பெரியவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு வேறு பேச்சு வராது. அந்தப் பெரியவர் வண்டி உள்ளே வந்ததும் ஸ்பேனரைத் தொடவிட மாட்டார். “ஜாக்கி போடாத கண்ணு. மொதல்ல டிரைவரக் கேளு” என்பார். காலியாக வரும்போது பிடிக்கவில்லையா, லோடு ஏற்றியபின் பிடிக்கவில்லையா? காலையில் முதல் மிதியிலேயே கோளாறு தெரிகிறதா, மலை இறங்கி முடித்தபிறகா? பெடல் அடிவரை போகிறதா, பாதியில் இறுகுகிறதா, மிதித்து நிறுத்தியிருக்கும்போது மெதுவாகக் கீழே இறங்குகிறதா? கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: “இதுக்கு முன்னால யார் கை வெச்சாங்க, என்ன பண்ணுனாங்க?” முந்தைய ரிப்பேருக்குப் பக்கத்திலேயேதான் அடுத்த கோளாறு ஒளிந்திருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

கேட்டு முடித்ததும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார். நிறுத்திய கையோடு நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் குனிந்து, தொடாமல், விரற்கடை தூரத்தில் உள்ளங்கையை வைத்துச் சூட்டைப் பார்ப்பார். எது கொதிக்கிறது என்பதைவிட எது சூடாகவே இல்லை என்பதில்தான் அவருக்குக் கண். சூடாகாத சக்கரம் வேலை செய்யாத சக்கரம். மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று வந்தால் பையன்கள் ஓடிப்போய் இடது சக்கரத்தைத்தான் கழற்றுவார்கள். பெரியவர் வலது பக்கத்தைக் காட்டுவார். இழுக்கிற பக்கம் பிடிக்கிறது. பிடிக்காமல் இருப்பது பெரும்பாலும் மறுபக்கம்.

டிரம்மைத் திறந்ததும் லைனிங் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் கிட் மாற்றிவிடுவது இன்றைய வழக்கம். அது பிரேக் ஆயிலா, அச்சிலிருந்து சீல் வழியாகக் கசிந்த கியர் ஆயிலா என்று பார்க்கிறவர்கள் குறைவு. கியர் ஆயிலில் கந்தக நெடி இருக்கும், விரலில் பிசுபிசுக்கும். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துபோகும். இதைக்கூடப் பார்க்காமல் கிட் போட்டு அனுப்பினால் பத்து நாளில் அதே வண்டி அதே இடத்தில் வந்து நிற்கும். மாஸ்டர் சிலிண்டர் டப்பா மூடியின் ரப்பர் உப்பியிருந்தாலும் அப்படித்தான். யாரோ இன்ஜின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ உள்ளே ஊற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு ரப்பரையும் நம்ப முடியாது. மாஸ்டர் சிலிண்டர் தொடங்கிக் கடைசிச் சக்கரம்வரை எல்லா ரப்பரையும் ஓஸையும் மாற்றி, பைப்பைக் கழுவித்தான் ஆக வேண்டும்.

ஒரு முன் சக்கரம் பிடித்த பிடியை விடவில்லை என்று வரும் வண்டியில் மேட்டுப்பாளையத்து மெக்கானிக் செய்யும் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சக்கரம் இறுகியிருக்கும்போதே கேலிப்பரின் நிப்பிளைத் திறப்பார். அப்போதும் சுற்றவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோ துருவேறிச் சிக்கியிருக்கிறது. சுற்றினால் உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மறுபடி மிதித்து இறுகவிட்டு, இந்த முறை மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து யூனியனைத் தளர்த்துவார். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விட்டுவிட்டால் கோளாறு மேலே: மாஸ்டர் சிலிண்டரின் திரும்பும் துளை அடைத்திருக்கலாம், தள்ளுகம்பிக்கு இடைவெளி இல்லாமல் போயிருக்கலாம். விடவில்லை என்றால் நடுவில் இருக்கும் ரப்பர் ஓஸ். வெளியே புதிதுபோல் இருந்தாலும் உட்சுவர் உப்பி, போகும் ஆயிலை விட்டு, திரும்பும் ஆயிலைத் தடுக்கும். விலை குறைந்த அந்த ஓஸுக்காக இரண்டு கேலிப்பர்களை மாற்றிவிட்டு வந்தவர்கள் பலர்.

ஆனால் அவர் அதிகம் மல்லுக்கட்டியது வேறொரு கோளாறோடு. ஒரு பிக்கப், காலியாக ஓடும்போது ஒரு குறையும் இல்லை. லோடு ஏற்றி மலை இறங்கினால் பாதிவழியில் பெடல் மென்மையாகி அடியில் போகும், சிறிது நேரம் நிறுத்திவைத்தால் சரியாகிவிடும். முன் பேட் சில வாரங்களிலேயே தேய்ந்துவிடும். அவரிடம் வருவதற்கு முன்பே பேட், டிஸ்க், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் என்று எல்லாம் மாற்றியாயிற்று. பாதிவழியில் பெடல் போவதற்குக் காரணம் ஆயில் கொதிப்பது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியபின் 140 டிகிரியே போதும். டாட் 4 ஆயிலுக்கு அதே கணக்கு 230, 155. கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ். குமிழை மிதித்தால் பெடல் இறங்கும், பிரேக் பிடிக்காது. ஆயிலை மாற்றினார். சில நாள் தாங்கியது, பிறகு பழைய கதை. அப்படியானால் முன் பிரேக் ஏன் இவ்வளவு கொதிக்க வேண்டும்?

பெரியவர் கற்றுக்கொடுத்ததுதான் கைகொடுத்தது. மலை இறங்கிவந்த வண்டியை அப்படியே நிறுத்திக் கையை வைத்துப் பார்த்தார். முன் டிஸ்க் நீலம் பாய்ந்து கிடக்கிறது, பின் டிரம் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறது. டிரம்மைத் திறந்தால் லைனிங் புதிதுபோல் இருக்கிறது. பின் பிரேக்குக்குப் போதிய அழுத்தம் போகவில்லை.

இத்தகைய பல பிக்கப்களில் சேஸிஸில் ஒரு வால்வும், அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு கம்பியும் இருக்கும். லோடு ஏறி பாடி கீழே அமர்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் தள்ளி, பின் பிரேக்குக்கு முழு அழுத்தத்தை விடும். வண்டி காலியானால் பாடி உயரும், வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். எடையில்லாத பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்த வண்டியின் உரிமையாளர் கூடுதல் லோடு ஏற்ற வேண்டும் என்று பின்னால் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டியிருந்தார். பட்டை கூடியதால் எவ்வளவு ஏற்றினாலும் பாடி அமரவில்லை. வால்வுக்கு வண்டி எப்போதும் காலி. மூட்டை மூட்டையாக முட்டைக்கோஸ் ஏற்றி இறங்கும்போதும் அது பின் பிரேக்கைக் குறைத்துக்கொண்டே இருந்தது; முழுச் சுமையும் முன் டிஸ்க்கின் தலையில் விழுந்தது. பட்டறைக்கு வந்தபோதெல்லாம் வண்டி காலியாகவே வந்தது. அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

கூட்டிய பட்டைகளை எடுத்துவிட்டு, கையேடு சொல்லும் இடைவெளியில் கம்பியை வைத்து, முன்னும் பின்னும் அழுத்த மீட்டர் மாட்டி, லோடு ஏற்றி அளந்து பார்த்துத்தான் அவர் வண்டியை வெளியே விட்டார். பட்டையை வைத்துக்கொண்டே கம்பியை மட்டும் சரிசெய்தால் போதாது என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். இறுகிய ஸ்பிரிங்கில் காலிக்கும் லோடுக்கும் உயர வித்தியாசம் குறைந்துவிடுவதால், வால்வு பார்த்து அறிய வேண்டிய அளவே அங்கே இல்லாமல் போகிறது.

இதற்குச் சிலர் கண்டுபிடித்திருக்கும் குறுக்குவழிதான் அவருக்குக் கோபம் மூட்டுகிறது. வால்வின் கையைத் தூக்கி ஒரு கட்டுக்கம்பியால் சேஸிஸோடு கட்டிவிடுகிறார்கள். அல்லது வால்வையே கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பைப்பையும் யூனியன் போட்டு இணைத்துவிடுகிறார்கள். லோடில் நன்றாகப் பிடிக்கும். உரிமையாளருக்கும் மகிழ்ச்சி. மண்டியில் லோடை இறக்கிவிட்டு மழையில் காலியாகத் திரும்பும்போது ஒரு சடன் பிரேக் அடித்தால் பின் சக்கரம் பூட்டும், வண்டி திரும்பி எதிர்வரிசையில் போய் நிற்கும். அந்தக் கட்டுக்கம்பியை முறுக்கியவர் அப்போது அங்கே இருக்கமாட்டார்.

புதிய பையன்களை அவர் மொத்தமாகக் குறை சொல்வதில்லை. கையை வைத்துப் பார்த்த சூட்டை அவர்கள் அகச்சிவப்பு வெப்பமானியால் எண்ணாகவே பார்க்கிறார்கள், அது நல்லது என்கிறார். ஐடிஐயில் இரண்டு வருடம் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு முடித்து வருபவர்களுக்கு வரைபடம் வாசிக்கத் தெரிகிறது; அவர் காலத்தில் அது பலருக்கு வராது. ஸ்கேனர் ஏபிஎஸ் சென்சார் கோளாறைச் சொல்லிவிடும். உப்பிய ஓஸையோ கூட்டிய பட்டையையோ அது சொல்லாது. அது சொல்லாவிட்டால் கோளாறே இல்லை என்று எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். காற்றடித்து டிரம் தூசியைப் பறக்கவிடும் பழக்கத்தையும் அவரால் நிறுத்த முடியவில்லை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினால் ஆகும் நேரம் ஐந்து நிமிடம்.

உதிரிபாகத்தில் போலி வேறு. சென்னை பாடியில் 1962இல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியபின், கிட் என்றாலே அதன் டி.வி.எஸ். கெர்லிங் பெட்டிதான் என்று பேசிய தலைமுறை அவருடையது. இப்போது எந்தப் பெயர் பொறித்த பெட்டியையும் திறந்து, ரப்பரை வளைத்துப் பார்க்காமல் அவர் மாட்டுவதில்லை.

கூலி விஷயத்தில் அவருக்கு ஆறாத மனக்குறை உண்டு. நாலு பொருளை மாற்றி பில் கொடுத்தால் உரிமையாளர் பேசாமல் பணம் தருகிறார். அரை நாள் அலசி, ஒரு ஓஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னால், “ஒரு ஓஸுக்கு இவ்வளவு கூலியாங்க?” என்று பேரம் பேசுகிறார். கோளாறைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை என்றால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், மாற்றத்தான் செய்வார்கள். பேட் மாற்றினால் முடிந்தது என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறக்கிறது.

எட்டு வருடம்வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் அதன்பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும் என்பது சரக்கு வண்டிகளுக்கான விதி. ஆனால் அந்தச் சோதனைக்கும் பிக்கப் காலியாகத்தான் போய் நிற்கிறது. லோடு ஏற்றிய வண்டியின் பின் பிரேக்கை யாராவது அளந்து பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பட்டை கூட்டிய பிக்கப் வைத்திருப்பவர்கள் அடுத்த லோடு ஏற்றும் முன், பின் அச்சுக்கு மேலே குனிந்து அந்தக் கம்பி இருக்கிறதா, எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கட்டுக்கம்பி தெரிந்தால் அந்த லோடை வேறு வண்டியில் அனுப்புங்கள்.