கெட்டிப்பதில்தான் வேட்டை

விசையை இழுப்பதுதான் இந்த வேலையில் சுலபமான பகுதி. தோட்டாவைச் செருகி மடக்கும் துப்பாக்கிக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் நரிக்குறவர் குடும்பங்களில் இருந்தது ஒற்றைக் குழல் கேப்புத் துப்பாக்கி. குழல்வாய் வழியாகத்தான் எல்லாம் உள்ளே போகும். முதலில் கருமருந்து, அதன்மேல் தேங்காய் நார் உருண்டை, கம்பியால் கெட்டிப்பு. பிறகு ஈய ரவை, அது உருண்டு வெளியே வராமலிருக்க இன்னொரு நார். எல்லாம் முடிந்த பிறகே குதிரைக்கு அடியிலுள்ள குமிழில், அடித்தால் பொறி தரும் கேப்பு. கேப்பை முந்தி வைத்துவிட்டுக் கெட்டித்தால் குதிரை தவறி விழும்போது கை குழல்வாய்க்கு மேலே இருக்கும்.

மருந்துக்கும் ரவைக்கும் ஒரே மூடிதான் அளவு. மருந்து கூடிவிட்டால் ரவை வளையமாகச் சிதறும், பறவை அதன் நடுவே பிழைத்துப் பறந்துவிடும். மருந்துக்கும் ரவைக்கும் இடையில் வெற்றிடம் நின்றால் குழலே பிளக்கலாம். அதற்காகவே கம்பியில் இரண்டு கீறல் போட்டு வைப்போம். ஒன்று காலிக் குழலுக்கு, மற்றது கெட்டித்த குழலுக்கு. யார் கையிலிருந்து துப்பாக்கி வந்தாலும், அப்பாவே கொடுத்தாலும், கம்பியை விட்டுக் கீறலைப் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு.

மதராஸில் இந்தத் தொழிலுக்குத் தனியாக ஒரு கஷ்டம் உண்டு. அறுபதுகளில் நான் சிறுவனாக அப்பாவின் பின்னால் போன இடங்கள் அடையாறு முகத்துவாரச் சேறு, திருவான்மியூர் வயல்கள், வேளச்சேரி ஏரி, அதற்கப்பால் பள்ளிக்கரணைக் கோரை. உள்ளானும் கிளுவையும் வடக்கிலிருந்து இறங்குவது ஐப்பசி, கார்த்திகையில். மருந்து நமுத்துப்போவதும் அதே ஐப்பசி, கார்த்திகையில்தான். மழை ஒரு பக்கம், உப்புக்காற்று ஒரு பக்கம். கேப்பைச் சுற்றி மெழுகு தடவுவோம், குழல்வாயில் துணி அடைப்போம். அப்படியும் சில சமயம் குதிரை விழுந்து 'டிக்' என்று மட்டும் கேட்கும். அப்போது துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கவே கூடாது. மருந்து உள்ளே கனன்று கொண்டிருக்கலாம். ஆள் இல்லாத பக்கம் குழலை நீட்டியபடி பொறுத்திருக்க வேண்டும். பொறுக்க முடியாதவனை அப்பா இரண்டாம் முறை கூட்டிப் போகமாட்டார்.

வெடித்தால் வெள்ளைப் புகை முகத்தை மறைக்கும், விழுந்ததா பறந்ததா என்று தெரியாது. மறுபடி கெட்டிப்பதற்குள் ஏரியே காலியாகிவிடும். அதனால் 30 கெஜத்துக்குள் நெருங்கியாக வேண்டும், அதுவும் இடுப்பளவுத் தண்ணீரில், துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு. பறக்கிற உள்ளானைச் சுடுவதுதான் வீரம், உட்கார்ந்திருப்பதைச் சுடுவது கேவலம் என்று வெள்ளைக்காரத் துரைமார் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். ரவைக்குக் காசு கொடுப்பவனுக்கு அந்த நியாயம் கட்டாது. இரண்டு மடையான் ஒரே கோட்டில் வரும்வரை நாங்கள் காத்திருப்போம்.

துரைமார் எல்லாரிடமும் அந்த நியாயம் செல்லவும் இல்லை. வேடந்தாங்கலில் பட்டாளத்துக்காரர்கள் கூட்டுப் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் அவர்கள் வயலுக்கு எரு. கேப்பே வராத காலம் அது, சக்கிமுக்கித் துப்பாக்கிகள். வேட்டைக்காரன் மகனாக இருந்தும் சொல்கிறேன், அந்த ஊர்க்காரர்கள் பக்கம்தான் சரி.

1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. அப்போதும் கௌதாரி, காடைக்கு அனுமதிச் சீட்டுக்கு இடமிருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடியது. எங்கள் ஆட்கள் பலர் இன்றும் சட்டத்தைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை கிடந்த நீண்ட ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோட்டில் நின்று தேடினால் அடுக்குமாடிதான் தெரியும். பள்ளிக்கரணைக்கு 2022-ல் ராம்சர் ஈரநிலத் தகுதி கிடைத்தது, ஆனால் அதற்குள் சதுப்பின் பெரும்பகுதி குப்பைமேடும் சாலையும் கட்டடமுமாகப் போயிருந்தது. துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னதற்கு முன்பே பறவை இறங்கும் இடம் சுருங்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் ரவையும் சுத்தமில்லை. சேற்றில் விழுந்த ஈயத்தைக் கல்லென்று விழுங்கும் வாத்துகள் நஞ்சேறிச் சாகும். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை அமெரிக்கா நாடு முழுக்க நிறுத்தியதும் அதே 1991-ல்தான்.

எங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது 2023-ல். பிழைப்பு இப்போது மயிலாப்பூர் மாட வீதியில் பாசிமணி, ஊசிமணி. துப்பாக்கி மட்டும் லைசென்ஸோடு தரமணி வீட்டில் இருக்கிறது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வருவேன். வெடிக்காத துப்பாக்கிக்கு எண்ணெய் போதும். சுட்ட குழலுக்கு அது போதாது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கசடும் புகையுமாகத்தான் மிஞ்சும், அந்தக் கசடு ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் இரும்பைத் தின்னும். கொதிநீர் ஊற்றிக் கழுவி, துணி சுற்றிய கம்பியால் துடைத்து, உலர்ந்த பிறகே எண்ணெய். வீட்டில் இது தெரிந்தவன் இப்போது நான் மட்டும்தான்.

லைசென்ஸ் புதுப்பிக்கும்போது உபயோகம் என்ன என்று ஒரு கட்டம் வரும். வேட்டை என்று எழுத முடியாது. பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதிவிடச் சொன்னார், பக்கத்தில் மனு எழுதிக்கொண்டிருந்தவர். தரமணியில் எந்தப் பயிருக்கு என்று கேட்டேன். அதை மேஜைக்கு அந்தப் பக்கம் யாரும் கேட்கமாட்டார்கள் என்றார்.