கண்டலம குளத்தில் ஒரு காலைப்பொழுது

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. மலையும் தோட்டமும் மிளகுக் கொடியும்தான் அந்தப் பெயரோடு நினைவுக்கு வரும். ஆனால் மாவட்டத்தின் வடக்கே, தம்புள்ளைக்குக் கிட்ட, கண்டலம என்றொரு பெரிய குளம் இருக்கிறது. அங்கே படகில் போய்ப் பறவையும் யானையும் பார்த்து வந்த கதையைத்தான் இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாங்கள் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டது மாத்தளை முத்துமாரியம்மனின் மாசி மகத் தேரைப் பார்க்க. மாதர் சங்கத்தில் பதினெட்டுப் பேர், மாதா மாதம் சீட்டுப்போல் சேர்த்த காசு. அங்கே ஐந்து தேர்கள் வீதி வலம் வருகின்றன. அந்தக் கூட்டத்தையும் கால்வலியையும் எழுதப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. மறுநாள் விடியற்காலை ஏ9 வீதியால் தம்புள்ளைக்கு வந்தோம். ஏ9 என்றதும் வன்னிச் சகோதரிகளுக்கு ஓமந்தையும் முகமாலையும்தான் கண்ணில் நிற்கும். அதே வீதிதான் கண்டியில் தொடங்கி மாத்தளை ஊடாக, மிளகுத் தோட்டங்களின் நடுவே போகிறது.

எங்கள் வாவியில் கடல் ஏறி இறங்குவதுபோல் இந்தக் குளத்தில் வற்றுப்பெருக்கு கிடையாது. இங்கே நீர் கூடுவதும் குறைவதும் மழையாலும் மதகாலும்தான். இன்னொன்றும் உண்டு. மகாவலித் தண்ணீரை பொல்கொல்லவில் மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தால் உக்குவெல மின்நிலையத்துக்கு 1976இல் கொண்டுவந்தார்கள். அது சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு சேர்ந்து, போவதென்ன அணைக்கட்டு வழியாக இந்தப் பக்கத்துக் குளங்களுக்கும் வருகிறது. மலைநாட்டு மழைதான் தம்புள்ளை வயலை நனைக்கிறது என்று சொன்னால் பிழையில்லை.

படகு என்றேன், அது கயாக். ஒடுங்கிய பிளாஸ்டிக் தோணி. முன்னும் பின்னுமாக இருவர் இருக்கலாம். துடுப்புக்கு இரண்டு பக்கமும் இலை. எங்கள் வள்ளத்தைப்போல் உயரமில்லை, தண்ணீரோடு தண்ணீராக இருக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் குளம்.

பதினெட்டுப் பேரில் ஏறச் சம்மதித்தவர்கள் ஆறு பேர் மட்டுமே. படுவான்கரையிலிருந்து வந்த ஓர் அக்கா கரையிலேயே நின்றுவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அவருடைய ஊருக்குப் படகுதான் வழி. யுத்த காலத்தில் அந்தத் துறையைக் கடப்பதென்றால் அடையாள அட்டை, சோதனை, பையைக் கொட்டிக் காட்டுதல். ஒருமுறை ஷெல் விழ, இரவோடிரவாகப் பிள்ளைகளோடு தோணியில் வந்தவர். அதன் பிறகு 2004இல் கடலும் வந்து போனது. எங்களில் அநேகருக்குப் படகு என்பது எதையாவது விட்டுவிட்டு ஓடுகிற வாகனம். சும்மா பார்ப்பதற்காகப் படகேறுவது அவருக்கு விளங்கவில்லை.

"ஏறு கா, நான் பின்னால இருக்கன்" என்றேன். துடுப்புக்காரத் தம்பி சிங்களத்தில், "பய வெண்ட எப்பா அம்மே" என்று சொல்லி உயிர்காப்பு அங்கியை அவருக்கு மாட்டி, பட்டியை இழுத்து இறுக்கினான். அக்கா எதுவும் பேசாமல் ஏறி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

காலை ஏழு மணி. காற்றில்லை. பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள் நிற்க, கொப்பெல்லாம் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. தாராவைப்போல் அவற்றின் இறகு தண்ணீரை ஒட்டாமல் தள்ளாது, நனைந்துவிடும். அதனால்தான் மூழ்கி மீன் பிடித்தபின் உடுப்புக் காயப்போடுவதுபோல் நிற்கின்றன. தூரத்தில் சிகிரியாக் குன்று மங்கலாகத் தெரிந்தது.

தாமரை படர்ந்த பக்கம் ஒரு தாமரைக்கோழி, நீண்ட விரல்களை இலைமேல் வைத்து நடந்துபோனது. இந்தப் பறவையில் பெட்டை முட்டையிட்டுவிட்டு அடுத்த சேவலிடம் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவல்தான். அதைச் சொன்னதும் அக்கா முதல்முறையாக வாய் திறந்தார். "அதுக்கும் ஒரு ராசி வேணும் புள்ள" என்றார். பக்கத்துக் கயாக்கில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

எட்டு மணியளவில் தம்பி கையை உயர்த்தி, "அலி" என்று மெதுவாகச் சொன்னான். எதிர்க்கரையில், புதரை விலக்கிக்கொண்டு ஏழு யானைகள். இரண்டு குட்டி. தண்ணீருக்கு வரும்போது குட்டிகளை நடுவில் விட்டு, பெரியவள் முன்னால் வந்து தும்பிக்கையை உயர்த்தி மணம் பிடித்தாள். யானைக் கூட்டத்தை வழிநடத்துவது மூத்த பெண்யானை. ஆண்கள் வளர்ந்ததும் பிரிந்து போய்விடுவார்கள். எங்கே தண்ணீர் வற்றாது, எந்த வழி பாதுகாப்பு என்பதெல்லாம் அவளுடைய ஞாபகத்தில் இருக்கும். நாங்கள் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துவிட்டு அசையாமல் இருந்தோம். அக்காவின் கை விளிம்பை விட்டு எப்போது எடுபட்டதென்று நான் கவனிக்கவில்லை.

அழகாக இருக்கிறதென்று மட்டும் எழுதுவது நியாயமில்லை. இதே யானை இரவில் வயலுக்குள் வந்தால் ஒரு குடும்பத்தின் போகமே போய்விடும். 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டார்கள். எங்கள் படுவான்கரையிலும் இந்தத் துயரம் உண்டு. அக்காவின் வாழைத்தோட்டத்தையும் யானை ஒருமுறை மிதித்திருக்கிறது. ஆனாலும் அவர் கண்ணை எடுக்காமல் குட்டிகளையே பார்த்திருந்தார்.

திரும்பும்போது துடுப்பைத் தரும்படி கேட்டார். எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. தோணி வலித்த கை அல்லவா! தம்பியின் கயாக்கை முந்திக்கொண்டு கரைக்கு வந்தோம்.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தை. ஒன்பது மணிக்கு முன் போங்கள், பிறகு காற்று எழும்பும். காசு எவ்வளவென்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அங்கி இல்லாமல் ஏறச் சொன்னால் ஏறவேண்டாம். குளத்தில் முதலை உண்டு, காலைத் தொங்கவிடக் கூடாது. சேலையைவிடச் சட்டை, பாவாடை வசதி.

வரும் வழியில் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் இறங்கி, ஆளுக்கொரு பை கரட்டும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு, ஹபரணை, பொலன்னறுவை வழியாகப் பொழுதுபடுமுன் வீடு வந்து சேர்ந்தோம்.