ஹெந்தளை வளவில் ஒரு குருட்டுக் கோழி

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வீதியால் வந்து, களனி கங்கையைக் கடந்து, வத்தளையில் கடற்பக்கமாகத் திரும்பினால் ஹெந்தளை. 1708 இல் ஒல்லாந்தர் கட்டிய தொழுநோய் வைத்தியசாலையால் பெயர் அறியப்பட்ட ஊர். ஆங்கிலேயர் 1802 இல் வெட்டத் தொடங்கிய ஹமில்டன் கால்வாய் இவ்வழியே ஓடுகிறது. வடக்கே முத்துராஜவெல சதுப்பு நிலம்.

தண்ணீர் சூழ்ந்த ஊரில் நுளம்புக்குக் குறைவேது? வளவில் நாலைந்து கோழி வளர்க்கும் பெண்களுக்கு அதுவே பெரிய எதிரி. கோழி அம்மை நோயை ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு சேர்ப்பது நுளம்புதான். கொண்டையிலும் கண்ணிமையிலும் பருக்கள் கிளம்பிப் பொருக்குக் கட்டும்; கண் மூடிக்கொள்ளும். பொருக்கு உதிர்ந்த பின் அநேகமானவை பார்வை பெறும். சிலவற்றின் கண் போய்விடும்.

அப்படி இரு கண்ணும் இழந்த பேட்டுக்கோழி ஒன்றை இங்கே உறவுக்கார ராத்தா ஒருவரின் வீட்டில் கண்டேன்.

"எல்லாரும் அறுக்கச் சொன்னாங்க. இரை எடுக்குது, தண்ணி குடிக்குது. பொறகு என்னத்துக்கு அவசரம்?" என்றார் அவர்.

மற்றக் கோழிகள் முதலில் அதைக் கொத்தி விரட்டினவாம். பலவீனமானதைக் கொத்துவது கோழிக் கூட்டத்தின் இயல்பு. எனவே வளவின் ஒரு மூலையைக் கம்பிவலையால் மறைத்து, சாதுவான கிழட்டுப் பேடு ஒன்றைத் துணைக்கு விட்டிருக்கிறார். சேவலுக்கு அங்கே இடமில்லை. வலைக்கப்பால் கூட்டத்தின் சத்தம் கேட்பதால் குருட்டுக் கோழி தனிமையில் மிரளுவதில்லை.

இரைச் சட்டியும் தண்ணீர்ச் சட்டியும் ஒரு நாளும் இடம் மாறுவதில்லை. இரண்டும் கவிழாத கனமான மண்சட்டிகள். சிரட்டையால் சட்டியைத் தட்டினால் கோழி நேரே வந்துவிடுகிறது. உயரமான கம்புக்குப் பதிலாகத் தரையில் வைக்கோல் படுக்கை. தூக்குமுன் குரல் கொடுத்துவிட்டே தொடுகிறார்.

சகோதரிகளே, உங்கள் கோழிக்கு அம்மை கண்டால் உடனே பிரித்து வையுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள்; நோய்க்கிருமி அதில்தான் தங்கியிருக்கும். இளஞ்சூடான உப்புநீரால் கண்ணைத் துடையுங்கள். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. வந்தபின் மருந்தில்லை, வருமுன் காக்கத் தடுப்பூசி உண்டு. மிருக வைத்தியரைக் கேளுங்கள்.

வளவில் கிடக்கும் சிரட்டை, தகரப் பேணிகளையும் கவிழ்த்து வையுங்கள். அவற்றில் தேங்கும் நீரில்தான் டெங்கு நுளம்பும் முட்டையிடுகிறது. கோழியோடு பிள்ளைகளும் தப்புவார்கள்.

கண் போனதற்காக மட்டும் கத்தியைத் தேட வேண்டாம். இரை மறுத்து, சிறகைச் சிலிர்த்து ஒடுங்கிக் கிடந்தால் அது வேறு. அப்போது அதன் வேதனையை நீட்டிக்காமல் முடிவெடுப்பதும் கருணைதான்.