மீன் ஏறின ராத்திரி

ஐப்பசி அடைமழையில் நடுச்சாமத்துக்கு அப்பா உலுக்கி எழுப்புவார். "டேய், மீன் ஏறுதுடா." அரிக்கேன் விளக்கும் ஊத்தாவும் பறியுமாக ஓடுவோம். வயலில் நிரம்பிய தண்ணீர் மடை வழியாகக் குளத்துக்கு இறங்கும். அந்த இழுப்பை எதிர்த்துக்கொண்டு கெண்டை, குரவை, ஆரல், கெளுத்தி எல்லாம் முட்டைபோட வயலுக்கு ஏறும். பனையேறிக் கெண்டைக்குத் தண்ணீர்கூட வேண்டாம். செவுளைத் தரையில் ஊன்றி ஊன்றி வரப்பின் மேலேயே நடந்து போகும். மிதிக்காமல் கால்வைக்க இடம் தேட வேண்டும். அதன் செவுள்முள் கிழித்த தழும்பு என் கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது.

பேராவூரணிக்குத் தெற்கே எங்கள் ஊர், கடைமடை. கல்லணைக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்போம். மேட்டூர் அணையோடு 1934-ல் வந்த ஆறு எங்களுக்கு இன்னும் புதுசுதான்.

ரெண்டு பறி நிறையச் சுமந்து வந்து திண்ணையில் கொட்டுவோம். அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு மீனாடா?" என்பார். அவர் சின்ன வயதில் விரால் தொடை தண்டி கிடந்ததாம். எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு ஜிலேபிக் கெண்டைக் குழம்பென்றால் உயிர். அவரோ அதைத் தொடவே மாட்டார். "அது நம்ம மீனே இல்லடா." வீம்பு என்று நினைத்தேன். வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, அது ஆப்பிரிக்காவில் பிறந்த மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள் என்று. விட்ட குளத்திலெல்லாம் பெருகி, அங்கிருந்த மீனின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. ஆக, நான் நினைத்து நினைத்து ஏங்குகிற குளமே அப்பா கணக்கில் பாதி தொலைந்த குளம். மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-ல் எழுதியது இதைத்தான்: ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்விழித்தபோது கிடந்ததையே முழு அளவென்று வைத்துக்கொள்கிறது.

உலக இயற்கை நிதியத்தின் 2024 அறிக்கையைப் படித்தேன். கண்காணிப்பில் இருக்கும் முதுகெலும்புள்ள காட்டுயிர்க் கூட்டங்களின் அளவு 1970-க்கும் 2020-க்கும் இடையே சராசரியாக 73 விழுக்காடு சுருங்கிவிட்டது. நூற்றில் எழுபத்து மூன்று செத்துவிட்டன என்று சிலர் எழுதுகிறார்கள், அது தப்பு. ஒவ்வொரு கூட்டமும் எவ்வளவு இளைத்தது என்பதன் சராசரி இது. நிலத்தில் 69, கடலில் 56, நன்னீரில் 85. நன்னீர்தான் மோசம் என்பதில் எனக்கு வியப்பில்லை. வயலில் குருணை மருந்து தூவின மறுநாள் காலை, வாய்க்கால் ஓரம் வெள்ளை வெள்ளையாக வயிறு தெரிய அயிரை மிதந்ததைப் பார்த்தவன் நான். தவளைச் சத்தமும் அதோடு குறைந்தது. நரி ஊளையைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்பதே நினைவில்லை.

கடல் எங்களுக்குச் சைக்கிள் மிதிக்கிற தூரம். ஆவுளியாவை, அதாவது கடல் பசுவை, நான் கண்ணால் பார்த்ததில்லை. கறி தின்ற கிழவர்களைப் பார்த்திருக்கிறேன். கடற்புல் மேய்ந்து வாழும் சாது. சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும். வலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் சாகும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. மாட்டினதை வலையை அறுத்து விட்டுவிடுகிற மீனவர்கள் இன்று இருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அயிரைக்கு யார் காப்பகம் அறிவிப்பார்கள்? அது ஒரு விரல் நீளம்கூட இல்லை.

போன ஐப்பசிக்கு மகனோடு ஊருக்குப் போயிருந்தேன். மடையில் விடியும்வரை நின்றோம். மூன்று கெண்டை, ஒரு குரவை. "அப்பா, எவ்ளோ மீன்!" என்று குதித்தான். "இதெல்லாம் ஒரு மீனாடா" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

குளம் இப்போது குத்தகையில் இருக்கிறது. கட்லா, ரோகு குஞ்சு விடுவதற்கு முன்னால் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றி, உள்ளே கிடக்கும் நாட்டு மீனையெல்லாம் கொன்றுவிடுவார்கள். 'களை மீன்' என்று அதற்குப் பெயர். விராலும் களை, அயிரையும் களை. குளத்துக்குக் கிழக்கே சின்னதாக ஒரு குட்டை உண்டு. அதில் மட்டும் புண்ணாக்கு போடாமல் விட்டுவையுங்கள் அண்ணே என்று குத்தகைக்காரரிடம் கேட்டேன். "பாப்போம் தம்பி" என்றார். வைகாசியில் குஞ்சு விடுவார்களாம். அதற்குள் இன்னொரு தடவை போய்க் கேட்க வேண்டும்.