வூஃபருக்கு வெளியே ஒரு சாட்சி

நெதர்லாந்தின் ஐந்தோவன், 1891-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் தொடங்கிய ஊர். பழைய ஸ்பீக்கர்களைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை ஒன்றைப் பார்க்க அங்கே போயிருந்தேன். மேசைமேல் 1970-களில் வந்த ஃபிலிப்ஸ் எம்.எஃப்.பி. (மோஷனல் ஃபீட்பேக்) ஸ்பீக்கர்ப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. பெரியவர் ஒருவர், தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரின் நடுமூடியைச் சுற்றியிருந்த பசையை இளக்கி, மெல்ல நெம்பி எடுத்தார். உள்ளே, காயிலோடு சேர்ந்து ஆடும்படி ஒரு பீசோ சென்சார். அதிலிருந்து மயிரிழை போன்ற ஒயர்கள். ஒன்று அறுந்திருந்தது. கூம்போடு சேர்ந்து ஆடி ஆடியே அது நைந்துபோயிருக்கிறது. உருப்பெருக்கியின் கீழ் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தார்.

அந்தச் சென்சார் கூம்பின் முடுக்கத்தை அளக்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் நம் காதுக்கு வரும் ஒலியழுத்தம் கூம்பின் முடுக்கத்தைப் பொறுத்தது. ஆகவே சென்சார் சொல்வதை உள்ளே வரும் சிக்னலோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆம்ப்ளிஃபையர் உடனுக்குடன் ஈடுகட்டுகிறது. இதுதான் ஃபீட்பேக். ஃபிலிப்ஸ் ஆய்வாளர்கள் கிளாசனும் டி கோனிங்கும் இந்த முறையை 1968-இல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். சிறிய பெட்டியிலிருந்தும் ஆழமான பாஸ் வந்ததற்கு இதுதான் காரணம்.

அளவெடுப்பது பட்டறையின் இளம் பொறியாளர். முதலில் ஃபீட்பேக் சுற்றைத் திறந்துவைத்து, அதன் பெருக்கத்தையும் கட்டத்தையும் அதிர்வெண்வாரியாகப் பதிந்தார். பெருக்கம் 1-க்கு இறங்கும் இடத்தில் கட்டம் 180 பாகையை எட்டிவிட்டால் வூஃபர் தானாகவே அலறத் தொடங்கும். போதிய இடைவெளி இருப்பது உறுதியான பிறகே சுற்றை மூட முடியும்.

அடுத்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினார். ஃபீட்பேக் இல்லாதபோது திரையில் 60, 90 ஹெர்ட்ஸிலும் கம்பங்கள் நின்றன. அவைதான் பிசிறு. ஃபீட்பேக்கை இணைத்ததும் அவை சரிந்தன. சுற்றின் பெருக்கம் 10 என்றால் பிசிறு ஏறக்குறைய 11-இல் ஒரு பங்காகிவிடும்.

நான் வேலை முடிந்தது என்று நினைத்த இடத்தில்தான் அவர் மைக்கை எடுத்தார். இதுவரை திரையில் தெரிந்தது சென்சார் சொன்ன கணக்கு. சென்சாரிலேயே கோளாறு இருந்தால், ஃபீட்பேக் அந்தக் கோளாறையும் உண்மை என்று நம்பிக் கூம்பை ஆட்டும். வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். ஒலிப்பொறியாளர் டான் கீல் 1974-இல் எழுதிய முறைப்படி, 10 செ.மீ. ஆரமுள்ள கூம்புக்கு ஒரு சென்டிமீட்டர் அருகில் மைக்கை நிறுத்தினார். அவ்வளவு நெருக்கத்தில் அறையின் எதிரொலி அளவைக் கெடுப்பதில்லை.

பிறகு ஒலியைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் அளந்தார். அதிர்வெண் பாதியானால், அதே ஒலியழுத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். அதன் எல்லை வந்துவிட்டால் ஃபீட்பேக்கால் காப்பாற்ற முடியாது. அது மேலும் மேலும் மின்சாரத்தைத் திணித்துக் காயிலைச் சூடாக்கும். மெல்லிய ஒலியில் எடுத்த அழகான வரைகோடு இந்த எல்லையைக் காட்டவே காட்டாது.

ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எந்த ஒலியளவு வரை பிசிறு அடங்கி இருந்தது என்று எழுதி, அந்தத் தாளைப் பெட்டியோடு உரிமையாளருக்குத் தருகிறார்கள். இத்தகைய வூஃபரை விற்கும் எவரும் தர வேண்டிய தாள் அது. எத்தனை ஹெர்ட்ஸில், எவ்வளவு சத்தத்தில், எவ்வளவு பிசிறு என்பதை மைக் வைத்து அளந்து சொல்லாதவரை, ஃபீட்பேக் இருக்கிறது என்ற பெருமைக்கு மதிப்பில்லை.